நடுவிரல் இல்லாத கடற்காகம்

“நாலு படத்துலயும் இருக்கறது ஒரே பறவைதான். இடது காலைப் பாருங்க, நடுவிரல் இல்ல,” என்றார் பறவை ஆய்வாளர்.

அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவு அது. இழுப்பறை முழுக்கப் பஞ்சு திணித்த பறவைகள். அந்துருண்டை நெடி ஆளைத் தூக்கியது. மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்கள். மூத்தவள் தன் கைபேசியை அவரிடம் கொடுத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். இளையவள் அவளுடைய தம்பி மனைவி.

தம்பிக்குக் கடற்காகப் பைத்தியம். கேமராவும் கையுமாக அலைந்தவன் ஒருநாள் விடிகாலையில் படகேறிப் போனான். படகு மட்டும் கரை ஒதுங்கியது. அவனைத் தூக்கி வளர்த்த அக்கா சோறு தண்ணீர் இல்லாமல் படுக்கையில் விழுந்தாள். இனித் தேற மாட்டாள் என்று எல்லோரும் கைவிட்ட நேரத்தில், தம்பியின் எண்ணிலிருந்து அவளுக்கு ஒரு கடற்காகப் படம் வந்தது. கூடவே ஒரு வார்த்தை இல்லை. திருப்பி அழைத்தால் எண் அணைந்து கிடந்தது. அதன்பிறகு குளிர்காலத்துக்கு ஒரு படம். அக்கா எழுந்து உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், சில நாள் சிரிக்கக்கூடச் செய்தாள்.

இப்போது அவள் மகன் குட்டையைக் குழப்பிவிட்டான். மாமாவின் பழைய படங்களை வைத்து யாரோ விளையாடுகிறார்கள் என்று அடித்துச் சொன்னான். பழசா புதுசா என்று தெரியாமல் இனி ஒரு வாய் இறங்காது என்று கிளம்பிவிட்டாள் அக்கா. தம்பி மனைவி எவ்வளவோ தடுத்துப் பார்த்தும் பலிக்கவில்லை.

கேட்க ஆள் கிடைத்ததில் ஆய்வாளருக்கு ஏக உற்சாகம். இந்த இனம் வருடா வருடம் இறகு மாற்றி, நாலாவது குளிர்காலத்தில்தான் முழு வளர்ச்சி அடையும் என்று சொல்லி, படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டினார்.

“முதல் படத்துல உடம்பெல்லாம் பழுப்பு, அலகு கறுப்பு. பொறந்து ஒரு வருஷம்கூட ஆகல. ரெண்டாவதுல முதுகுல சாம்பல் நிறம் எட்டிப் பாக்குது. மூணாவதுல வால்ல மட்டும்தான் கறுப்பு பாக்கி. கடைசிப் படத்துல தலை வெள்ளை, அலகு மஞ்சள். நல்லா வளர்ந்துடுச்சு.”

“வேற வேற இனமா இருக்கலாமே, சார்,” என்றாள் இளையவள்.

எல்லோரும் செய்கிற தப்பு அது, ஆரம்பத்தில் தானே ஒரு பழுப்புக் குஞ்சைப் புது இனம் என்று அறிவித்து மானம் போயிருக்கிறது என்று சிரித்தார் அவர். இங்கே அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. அதே விரல், அலகில் அதே கீறல், உட்கார்ந்திருப்பதும் அதே உடைந்த தூண்.

“ஒரே நாள்ல எடுத்த படங்களா இருக்க முடியாதா?”

“வாய்ப்பே இல்லம்மா. நாலு குளிர்காலமும் ஒருத்தர் அதே இடத்துல நின்னு எடுத்திருக்கார். ஒண்ணு கவனிச்சீங்களா? மிரளாம அவரையே பாக்குது. நல்லாப் பழகியிருக்கு.”

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு தம்பி மனைவியை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“உயிரோட இருக்கான்டி. என்னைக்காவது வாசல்ல வந்து நிப்பான் பாரு. ஏன், உனக்கு இன்னும் நம்பிக்கை வரலையா? கையெல்லாம் இப்படிச் சில்லுன்னு இருக்கு.”

சந்தோஷத்தில் அப்படித்தான் ஆகும் என்று ஆய்வாளர் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். இளையவள் அதை வாங்கி, குடிக்காமலே மேசையில் வைத்தாள்.

அக்கா செத்துவிடக் கூடாதே என்று, கணவன் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போன கைபேசியைத் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்து, அந்தப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தவள் அவள்தான். நான்கையும் அவன் அந்தக் கைபேசியிலேயே எடுத்தது, அவள் பக்கத்தில் நிற்க, படகேறுவதற்கு முந்தைய நாள், ஒரே மாலையில். அன்று அந்தத் தூணில் இருந்தது ஒரே ஒரு பழுப்புக் குஞ்சு, அவள் ஒவ்வொரு படத்தை அனுப்பும்போதும் அதில் அது குஞ்சாகத்தான் இருந்தது.