இரண்டாயிரத்து முந்நூறு மீற்றர்

செலீனும் அவள் கணவன் எட்வேட்டும் ஆகஸ்ட் மாதம் அல்கொன்குயின் காட்டு ஏரிகளுக்குக் கனூ என்ற சிறு துடுப்புப் படகில் போக இருந்தார்கள். இருவருக்கும் அதுதான் முதற்பயணம். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, வெக்ஸ்போர்ட்டில் இருந்த தங்கள் வீட்டில், எட்வேட் மேசையில் வரைபடத்தை விரித்து, எந்த ஏரிக்கரையில் கூடாரம் அடிப்பது என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தான். கடைசி இரண்டு ஏரிகளுக்கு நடுவே இரண்டாயிரத்து முந்நூறு மீற்றர் தூரம் கனூவைச் சுமந்து நடக்கவேண்டும்.

குசினியில் தேநீர் வைத்துக்கொண்டு நின்ற செலீனுக்கு, கனூ வாடகைக்குப் பதிந்திருந்த கடையிலிருந்து அழைப்பு வந்தது. நேற்று அவள் திருப்பிக் கொடுத்த கனூவுக்குள் ஓர் ஆணின் ஜக்கெற் கிடந்ததாகக் கடைக்காரர் சொன்னார்.

தாங்கள் இன்னும் போகவேயில்லை என்றாள் செலீன்.

அவர் பதிவைப் பார்த்தார். பெயரும் தொலைபேசி எண்ணும் அவளுடையவைதான்.

"தனியாக வந்தீர்கள். கணவர் பின்னால் மெதுவாக நடந்து வருகிறார் என்றீர்கள். வந்து சேர்ந்துவிட்டாரா?"

செலீன் அழைப்பைத் துண்டித்தாள். பிறகு மேசைக்கு வந்தாள். அழைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"இஞ்சை பாருங்கோ, அந்தக் கடைசி நடை எங்களுக்கு வேண்டாம். வேற வழியாப் போவம்."

பனிமாரி முழுவதும் இருந்து திட்டமிட்டவன், மறுப்பான் என்றுதான் நினைத்தாள். எட்வேட் உடனே அந்த நடைபாதைக்குப் போட்டிருந்த பென்சில் கோட்டை அழித்தான்.

"ஓம், எனக்கும் அது வேண்டாம்," என்றான். "நீர் கனூவோட முன்னுக்குப் போனாப்பிறகு நான் அந்தப் பாதையில கனநேரம் இருந்தனான். ஒருத்தரும் என்னைத் தேடி வரேல்லை."