பின்சில்லுக்கு அரிசி

நான்காவது தடவையும் பின்சில்லு நின்ற இடத்திலேயே சுழன்றது.

கோதாரி விழுந்த கார்.

அவள் இறங்கினாள். கணுக்கால் வரை பனி. சில்லுக்கு அடியில் கண்ணாடி மாதிரி ஐஸ். வீட்டிலிருந்து தெருவுக்கு ஏற இருபதடிச் சரிவு. அதற்கே இந்தப் பாடு.

மணி எட்டரை. ஒன்பதரைக்கு நர்சிங் பரீட்சை. மூன்று தரம்தான் எழுத விடுவார்கள். இது மூன்றாவது.

புருஷன் வாசற்படியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றான். தள்ளிவிட வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

பின்சில்லில் மட்டும் ஓடும் காரை இந்தக் குளிருக்கு வாங்காதே என்று விற்றவனே சொன்னான். இவன் கேட்டானா? நாலு பேர் பார்க்க வேண்டுமே! குளிர்கால டயராவது போடு என்று கார்த்திகையிலிருந்து கெஞ்சினாள். கார் ஓடத் தெரியாதவளுக்கு எந்த டயர் போட்டென்ன என்றான்.

பின்பக்கம் பாரம் இல்லாவிட்டால் சில்லு பனியில் பிடிக்காது. அதற்காகத்தான் வீட்டுக்கு வாங்கிய இரண்டு மூட்டைக் குத்தரிசியை டிக்கியிலேயே விட்டு வைத்திருந்தாள்.

அதுவும் போதவில்லை.

ஐஸில் தூவிக் கரைக்கிற உப்பு வாளியைத் திறந்தாள். வெறும் வாளி. நேற்று உப்பு வாங்கி வருகிறேன் என்று போனவன், தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தான்.

எரிச்சலில் கண் கலங்கியது. இந்த மனுசனுக்கு முன்னால் அழக் கூடாது.

டிக்கியைத் திறந்தாள்.

கார்த் திறப்பின் பல்லால் ஒரு மூட்டையைக் கிழித்தாள்.

சிந்திய அரிசியில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறவள். ஒரு மணி விழுந்தாலும் குனிந்து பொறுக்குகிறவள்.

கொட்டினாள். இடது சில்லுக்கு முன்னால் பாதி. வலது சில்லுக்கு முன்னால் மீதி.

அப்போதுதான் அவனுக்கு வாய் திறந்தது.

"அடியே, தின்னுற அரிசியில சில்லு ஏத்துறியோ? ஏத்தினியெண்டால் பிறகு இந்த வாசல் மிதியாத, சொல்லிப்போட்டன்!"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவன் சொன்ன எதையும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

குனிந்தாள். ஒரு மணி அரிசியை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள்.

காரில் ஏறினாள்.

மெல்ல மிதித்தாள். அரிசி நொறுங்கியது. சில்லு ஒரு கணம் வழுக்கியது. பிறகு கவ்வியது.

கார் தெருவில் ஏறியது.

கண்ணாடியில் அவன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். ஒன்றும் கேட்கவில்லை.

சிவப்பு விளக்கில் நின்றபோது மணி பார்த்தாள். எட்டு நாற்பது. நேரம் இருந்தது.

டிக்கியில் இன்னொரு மூட்டை கிடப்பது ஞாபகம் வந்தது.

நாற்பது இறாத்தல் அரிசி.

ஒரு ஆளுக்கு மூன்று மாதம் தாராளமாகக் காணும்.