பெட்டிக்கு ஒரு பங்கு

“ஒரு மவுசு நாலாயிரத்து எரநூறா? அதுல ஏறிக் குந்திகினு திருவொத்தியூர் வரைக்கும் போவலாமாடா?”

வசீமின் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான் அறிவு.

ரகுபதி கையிலிருந்த சீட்டை இன்னொரு முறை கூட்டிப் பார்த்தான்.

அறிவு, ரகுபதி, பொன்ராஜ் மூன்று பேரும் ஒரே ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். ஆளுக்குப் பதினைந்தாயிரம் போட்டு, பழசும் புதுசுமாய்ப் பார்ட்ஸ் பொறுக்கி, கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுவதாக ஏற்பாடு. நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

மதர்போர்டிலிருந்து கீபோர்டு வரை எட்டுச் சாமானுக்கு இருபத்தொன்பதாயிரத்து இருநூறு ஆகிவிட்டது. மீதியில் நானூறு ரூபாய்க்கு ஒரு மவுஸ், பதினைந்தாயிரத்து நானூறுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு என்பது அறிவு போட்ட கணக்கு. ஒரு மாதமாய் அறிவு மனசுக்குள் ஓட்டிப் பார்த்த கார்டு அது.

அதைத்தான் ரகுபதி கவிழ்த்துவிட்டான்.

“பதினோராயிரத்து அறுநூறு ரூவா கார்டே போதும். மவுசு நான் சொல்றதுதான். வசீம் பாய், சொல்லி வரவழைச்சுக் குடுங்க.”

“டேய், படம் காட்றது கார்டு. மவுசு இன்னா, டான்ஸ் ஆடுமா?”

“ஆடும்.”

பொன்ராஜ் நடுவில் புகுந்தான். “வுடு மாமு. ஜெரியும் இருந்திருந்தான்னா நாலு பேரு துட்டு. பெரிய கார்டே வாங்கியிருக்கலாம்.”

செல்போனில் ஆடிய நாட்களில் நாலு பேரும் ஒரே டீம். ஜெரிதான் கேப்டன்.

“அவன் எங்க வர்றான்?” என்றான் அறிவு. “ட்ராலர்ல வலை இழுக்கற வின்ச்சுல வெரலு போனதுலேர்ந்து நம்மளப் பார்த்தாலே கதவச் சாத்திக்கிறான். நாம இன்னாடா பண்ணோம் அவன?”

“பாவம் பார்த்தோம்” என்றான் ரகுபதி, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கம்ப்யூட்டர் ரகுபதி வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த சண்டை நேரம் பிரிப்பதில்.

சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை நாலு மணி நேரம். ஆள் மூன்று. ரகுபதியோ நாலு பங்காகப் பிரித்து எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தான். ஐந்து மணி பொன்ராஜ். ஆறு மணி பெட்டி. ஏழு மணி அறிவு. எட்டு மணி ரகுபதி.

“யார்ரா அது பெட்டி?”

“இந்தப் பொட்டிதான். படகுக்குத் தனிப் பங்கு எடுக்கறோம்ல? வலைக்கு எடுக்கறோம்ல? அதேமாரி பொட்டிக்கும் ஒண்ணு. சூடு ஆற வாணாமா?”

“படகுப் பங்கு ஓனர் கைக்குப் போவுது. பொட்டிப் பங்கு எவன் கைக்குப் போவும்? பொட்டி கீற வூட்டுக்காரன் கைக்கா?”

ரகுபதி குனிந்து சுவிட்சைத் துடைத்தான்.

பத்தாம் நாள் மவுஸ் வந்தது. ரகுபதி அட்டையைக்கூடப் பிரித்துக் காட்டவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, வசீம் சும்மா கொடுத்த பழைய மவுஸே இருக்கட்டும் என்றான்.

“புதுசு அழுக்காய்டும்டா.”

அறிவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாலாயிரத்து இருநூறு ரூபாய் மவுஸ், தினம் ஒரு மணி நேரம், அடைத்த கதவு. மூன்று பேர் துட்டில் ஒருத்தனுக்கு ராஜ வாழ்க்கை! படகில் ஒரு சின்னக் கவளை மீனைக்கூட எண்ணிப் பங்கு வைக்கிற யோக்கியன் இவன்!

“கையும் களவுமாப் புடிக்கிறேன் பாரு” என்று பொன்ராஜிடம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு பத்துக்குக் கிளம்பினான். செருப்புச் சத்தம் கேட்கக் கூடாதென்று, இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினான்.

அறைக்குள்ளிருந்து துப்பாக்கி வெடிக்கிற சத்தம் கேட்டது.

ஆனால் ரகுபதி வெளியேதான் இருந்தான். மேல்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தவன், அறிவைப் பார்த்ததும் பதறியடித்து எழுந்தான். “டேய், வாணாம்டா, அப்பறமா வா” என்று கிசுகிசுத்தான்.

“அப்ப உள்ள யாரு? நம்ம பொட்டிய வாடகைக்கு வேற வுட்டுகினு கீறியா?”

அவனைத் தள்ளிவிட்டு அறிவு கதவைத் திறந்தான்.

உள்ளே ஜெரி.

எந்நேரமும் பேண்ட் பாக்கெட்டுக்குள்ளேயே கிடந்த வலது கை வெளியே வந்திருந்தது. அதில் மிஞ்சிய இரண்டு விரல்கள் கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தன. பீரோவில் இருந்த மவுஸ் அவனுடைய இடது கைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

“வா மாமு!” என்றான் ஜெரி. ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலில் பழைய கேப்டன் இருந்தான். “இந்த ரகுபதிய வசீம் பாய் நல்லா ஏமாத்திக்கீறாரு. எடது கைக்காரன் மவுசத் தள்ளிவுட்டுக்கீறாரு, இவனும் பார்க்காம வாங்கியாந்துக்கீறான்! இப்ப திருப்பி எடுத்துக்க மாட்டாராம். உப்புக் காத்துல சும்மா கெடந்தா வீணாப்பூடும், தெனம் ஒரு அவர் ஓட்டிக் குடுடான்னு ஒரே பேஜாரு. கால்ல வுழாத கொற!”

அறிவு திரும்பிப் பார்த்தான். வாசலில் ரகுபதி ஒரு பூண்டுப் பல்லை ரொம்ப நேரமாய் உரித்துக்கொண்டிருந்தான்.

அறிவு கையிலிருந்த செருப்புகளை மெல்லக் கீழே வைத்தான்.

“நான் அன்னிக்கே கடையில தலபாடா அடிச்சுகினேன் ஜெரி, கேட்டாத்தான? அவன் ஒரு ஏமாளி!”