பதினேழாவது வளைவில் பதறியவள்

பதினேழாவது கொண்டை ஊசி வளைவில் தற்செயலாக நிற்பதுதான் என் வேலை. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை, கம்பெனி சீருடையாகக் கொடுத்த, கவனமாகக் கிழித்த சேலையில் நிற்க வேண்டும். ஐந்து நாள் மலைச் சைக்கிள் பயணத்துக்குப் பதிவு செய்பவர்களுக்கு இரண்டு பஞ்சர், ஒரு மழை, கொஞ்சம் வழிதவறல், முன்பின் தெரியாத ஒருவரின் அன்பு என எல்லாவற்றையும் கம்பெனியே ஏற்பாடு செய்துவிடும். அந்த அன்பு நான்தான்.

நேற்று கபிலேஷ் என்ற சென்னைக்காரர் இறக்கத்தில் வேகமாக வந்தார். வருபவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் இலவச டீயை நான் நீட்டுவதற்குள் சைக்கிள் சறுக்கி, பாறையில் போய் மோதினார். இடது கை துவண்டு தொங்கியது.

"ஐயோ சாமி! அசையாதீங்க, ஜீப்பைக் கூப்பிடுறேன்!" என்று ஓடினேன்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டே கண்ணடித்தார். "பிரமாதம்மா! எலும்பு முறியறதும் பேக்கேஜ்ல இருக்கா? சொல்லவே இல்லையே!"

"சார், இது எங்க ஏற்பாடு இல்ல. நெசமாவே விழுந்துட்டீங்க."

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க."

ஜீப் வந்தும் ஏற மறுத்துவிட்டார். அடுத்த வளைவில் அவருக்கு மழை இருக்கிறதாம். மயங்கிச் சரிந்த பிறகுதான் தூக்கிப் போட முடிந்தது.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்தே ரிவ்யூ எழுதிவிட்டார்: "விபத்து அபாரம். வலி தத்ரூபம். டீக்காரம்மா பதறியதுதான் செயற்கை."

என்னை மூன்று நாள் பதறல் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். சொல்லிக்கொடுக்க வருபவர், யாரும் விழுந்து இதுவரை நேரில் பார்த்ததே இல்லையாம்.