நடுவழியில் நின்ற பெட்டி

எதிரே அமர்ந்திருந்தவர் வலக் கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நெற்றியில் வியர்வை வழிந்தது, உதடுகள் வெளுத்திருந்தன. இதய நோயாளியாகத்தான் இருக்க வேண்டும், பைக்குள் மாத்திரை வைத்திருப்பார் என்று, தன் அப்பாவோடு வந்திருந்த மகள் முடிவு செய்தாள்.

ரோப் கார் நின்று இருபது நிமிடங்கள் ஆகிவிட்டன. உச்சிக்குப் பாதி வழியில் மின்சாரம் போய்விட்டது; பெட்டி ஒருமுறை குலுங்கி, அப்படியே அந்தரத்தில் தொங்கியது. உள்ளே இருந்த நால்வரில் மூவர் பதறிக் கீழே பார்த்தார்கள். அவர் மட்டும் மேலே பார்த்தார். கடவுளை அழைக்கிறார் போலும் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

இருநூறு அடி ஆழத்தில் காடு மஞ்சளும் சிவப்புமாக உதிர்ந்துகொண்டிருந்தது. இலையுதிர்காலத்தில் ஒரு நாளாவது அதை மேலிருந்து பார்த்துவிட வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அப்பா. இப்போது அவர் கண்களை மூடி அவள் தோளில் சாய்ந்திருந்தார்.

"சர்க்கரை இறங்குதாப்பா?"

"லேசா, பாப்பா. கை நடுங்குது, அவ்வளவுதான்."

காலையில் மாத்திரை போட்டுக்கொண்டவர், மதிய உணவை உச்சியில் சாப்பிடுவதாக இருந்தார். பிஸ்கட் டப்பாவோ கீழே பேருந்தில் இருந்தது. 'உணவுப் பொருள்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகையை, அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த டிக்கெட்காரர்கூடப் பொருட்படுத்தவில்லை. அவள்தான் அதை நின்று படித்து, டப்பாவை இருக்கையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

"ரெண்டே ரெண்டைப் பாக்கெட்டுல போட்டுக்கறேன்னு கெஞ்சினேன். ரூல்னா ரூல்தான்னுட்டே." அப்பா கண் திறக்காமலே சிரித்தார். "நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பேசியில் சிக்னல் இல்லை. கூரையில் பேட்டரியில் இயங்கும் ஓர் ஒலிபெருக்கி மட்டும் இருந்தது. அதில் மேலிருந்து சொல்வதைக் கேட்கலாம். பதில் பேச வழியில்லை.

எதிரே இருந்தவரின் மனைவி தன் கைப்பையை மடியில் கவிழ்த்துத் தட்டினாள். சீப்பும் ஊக்குகளும் உதிர்ந்தபின், தாள் ஒட்டிப்போன பெப்பர்மின்ட் ஒன்று விழுந்தது.

"இதைப் பெரியவருக்குக் குடும்மா. கொஞ்ச நேரம் தாங்கும்." பிறகு கணவரை முறைத்தாள். "நீங்க சொல்லிடுங்களேன்."

"சொல்லி என்ன ஆகப்போகுது? இவங்களுக்குப் பயம்தான் அதிகமாகும்."

"ஒரு நாளாவது என்னை வெளியே கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேன் பாருங்க, என் தப்புதான்."

"உடம்புக்கு முடியலையாங்க?" என்று மகள் அவரைக் கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா." பைக்குள் இருந்த கை இன்னும் இறுகியது.

ஒலிபெருக்கி கரகரத்தது. "பயணிகள் அச்சப்பட வேண்டாம். டீசல் இன்ஜினை இயக்கி, பெட்டிகள் விரைவில் மேலே கொண்டுவரப்படும்." அறிவித்தவர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். அதற்குப் பிறகு பேசியதும் தெளிவாகக் கேட்டது.

"இன்ஜின் ரூமைத் திறந்தாச்சாய்யா?"

"சாவி இல்ல சார். மெக்கானிக் அண்ணன்கிட்ட இருக்கு."

"அந்தாளு எங்கே?"

"லீவு சார். ஏழு வருஷமா ஒரு நாள்கூட லீவு போடாத மனுஷன், இன்னைக்குன்னு பார்த்துப் போட்டிருக்காரு. சாவியை ஒருத்தர் கையில குடுத்துப் பழக்கமே இல்லையே, எப்பவும்போல கூடவே எடுத்துட்டுப் போயிட்டாரு."

"வீட்டுக்கு ஆள் அனுப்பு!"

"அனுப்பியாச்சு சார். பூட்டிக் கிடக்கு. சம்சாரத்தோட எங்கயோ சுத்திப் பார்க்கப் போயிருக்காராம்."

"அப்ப கதவை உடைச்சுத் தொலைங்க!"

"இரும்புக் கதவு சார். அறுக்கறதுக்கு டவுன்லேருந்துதான் ஆள் வரணும். எப்படியும் ரெண்டு மணி நேரம் ஆகும்."

ஒலிபெருக்கி அடங்கியது. காற்றில் பெட்டி மெல்ல ஆடியது.

"பாவம்," என்றார் அப்பா, நாக்குக் குழற. "அவனுக்கும் ஒரு நாள் லீவு வேண்டாமா..."

பெப்பர்மின்ட் கரைந்து முடிந்திருந்தது. அவர் தலை அவள் தோளிலிருந்து நழுவி மடியில் சரிந்தது. சட்டை முழுவதும் சில்லென்று நனைந்திருந்தது.

"அப்பா! கண்ணைத் திறங்கப்பா!" கன்னத்தைத் தட்டினாள்; உலுக்கினாள். கொடுப்பதற்கு ஒரு சிட்டிகைச் சர்க்கரை இல்லை. கூப்பிடுவதற்கு ஆளும் இல்லை. தன் குரல் எட்டாது என்று தெரிந்தும், அந்த ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்து அலறினாள். "எங்கே போய்த் தொலைஞ்சான் அந்தப் பாவி மெக்கானிக்?"

எதிரே இருந்தவர் முதன்முறையாகக் கையைப் பையிலிருந்து எடுத்தார். விரல்கள் மெல்ல விரிந்தன. அழுத்திப் பிடித்ததில் பள்ளம் விழுந்திருந்த உள்ளங்கையில், நீளமான பித்தளைச் சாவி ஒன்று கிடந்தது.

"எங்கயும் போகலம்மா."