இடது ஓரத்துத் தூண்

"தூண் வந்தாச்சா பாரு."

திரைக்குப் பின்னால் நின்று அண்ணன் இதைக் கேட்பது மூன்றாவது தடவை. இப்போது பல் டாக்டராகிவிட்ட தங்கை திரையை ஒரு விரல் அகலம் விலக்கிப் பார்த்தாள்.

"இன்னும் இல்லண்ணா. மணி நாலுகூட ஆகலையே."

"அவன் வரலைன்னா நான் மேடை ஏற மாட்டேன். போன தடவை அவன் வராத அன்னிக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

தெரியாமலா? பதினாலு வருஷத்துக்கு முன்னால் இவர்கள் மூவரும் ஒரு ராக் பேண்ட். அண்ணன் பாடுவான், தம்பி கிடார், நடுவில் பிறந்த இவள் டிரம்ஸ். அடுத்தவர் பாட்டைத் தொடாமல் சொந்தப் பாட்டு மட்டுமே வாசித்ததால் கூட்டம் நூறைத் தாண்டியதில்லை. ஆனால் அந்த நூறு பேரும் இவர்கள் பாட்டுக்கு உயிரை விடுவார்கள்.

அதில் ஒருவன்தான் தூண். பேர் தெரியாததால் இவர்களாக வைத்த பேர். இந்த அரங்கத்து நிகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் முதல் ஆளாக வந்து, மேடையின் இடது ஓரத்தில் நின்றுகொள்வான். சுற்றிலும் மற்றவர்கள் குதித்துக் கூத்தடித்தாலும் இவன் நின்ற இடத்தைவிட்டு இம்மி அசைய மாட்டான். இடைவேளையில் தண்ணீர் குடிக்கக்கூடப் போனதில்லை.

"பத்திரிகைக்காரனா இருக்கும்" என்பாள் இவள். "வேற பேண்ட் அனுப்பின ஆளு, வேவு பார்க்க வர்றான்" என்பான் தம்பி. "ரெண்டுமில்ல, அவன் நமக்கு ராசிக்காரன்" என்று அண்ணன் முடித்துவிடுவான்.

அந்த ராசிக்காரன் வராமல் போனது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்குப் பாதிப் பாட்டில் சத்தம் மொத்தமும் செத்துப்போனது. பார்த்தால், ஸ்பீக்கரின் பிளக் கழன்று, மேடையில் தம்பி நின்ற ஓரத்துக்கு நேர் கீழே தரையில் கிடந்தது. கடைசிப் பாட்டு யாருடையது என்று அன்று காலைதான் இருவருக்கும் சண்டை.

"என் பாட்டைக் கெடுக்கணும்னே பிடுங்கியிருக்கே" என்றான் அண்ணன். தம்பி சத்தியம் பண்ணினான். அண்ணன் நம்பவில்லை. அதோடு பேண்ட் போச்சு, பேச்சுவார்த்தையும் போச்சு.

இந்த ஒரு மாலை மறுபடி சேர்ந்து வாசிக்க இருவரையும் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைவாய்ப் பல்லைக்கூடப் பிடுங்கிவிடலாம், இவர்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்க முடியாது. ஒத்திகையில்கூட, "அவனை மெதுவா வாசிக்கச் சொல்லு", "அக்கா, அவரை நேரத்துக்கு ஆரம்பிக்கச் சொல்லு" என்று எல்லாமே அவள் வழியாகத்தான். இன்றைக்கும் கசந்துபோனால் இனி ஜென்மத்துக்கும் இவர்களை ஒன்றாகப் பார்க்க முடியாது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அரங்கத்துக்காரர் வாசலுக்கு மட்டும் பெயிண்ட் அடித்திருந்தார். உள்ளே எல்லாம் பழையபடிதான், அதே கிழிந்த தரைவிரிப்பு, அதே ஸ்பீக்கர். மதியம் சோதித்துப் பார்த்தபோது அது கரகரவென்றது. அண்ணன் உடனே தம்பியை முறைத்தான். தம்பி கிடாரைக் கழற்றி வைத்துவிட்டான். அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் திரும்ப மாட்ட வைத்தாள்.

"அண்ணா, வந்துட்டாரு."

தலை நரைத்துத் தொப்பை போட்டிருந்தது. மற்றபடி அதே தூண். நேராக இடது ஓரத்துக்கு வந்தார், தரைவிரிப்பைக் காலால் ஒரு தடவு தடவினார், நின்றார். மதியத்திலிருந்து விடாத ஸ்பீக்கரின் கரகரப்பு அடங்கிவிட்டது.

"பார்த்தியா, ராசி" என்றான் அண்ணன்.

ஒன்பது பாட்டு அமோகமாகப் போனது. முன்வரிசை முழுக்க வரி விடாமல் கூடவே பாடியது. டிரம்ஸ் வாசித்துக்கொண்டே அவள் அழுதாள். ஆனால் அண்ணன், தம்பியின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் அண்ணன் மைக்கைப் பிடித்தான். "எங்க முதல் ரசிகர் இதோ நிக்கிறாரு. இவர் வந்தாதான் எங்களுக்கு எல்லாம் சரியா நடக்கும். சார், மேலே வாங்க."

தூண் வேகமாகத் தலையாட்டி மறுத்தார். கூட்டம் கைதட்டியது. தம்பி கிடாரை முதுகுக்குத் தள்ளிவிட்டு, குனிந்து இரண்டு கையையும் நீட்டினான்.

"வேணாங்க. சொன்னாக் கேளுங்க, நான் இங்கேயே இருக்கேன்."

"அட, வெக்கப்படாதீங்க சார்" என்று தம்பி பிடித்து இழுத்தான். பின்னாலிருந்தவர்கள் தூக்கிவிட்டார்கள்.

"சார், உங்க பேரு என்..." என்ற அண்ணனின் குரல் பாதியில் செத்துப்போனது. மைக்கும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை.

"மறுபடியுமாடா?" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினான் அண்ணன். பதினாலு வருஷத்தில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. பல் டாக்டரின் கையிலிருந்த குச்சி நழுவி விழுந்தது. தம்பியின் இரண்டு கைகளும் இன்னும் தூணின் கைகளில்தான் இருந்தன.

தூண் கையை விடுவித்துக்கொண்டு கீழே குதித்தார். தரைவிரிப்பின் கிழிசலை விலக்கி, கழன்று கிடந்த பிளக்கைத் தரையிலிருந்த ஓட்டையில் அமுக்கி, அதன்மேல் காலை வைத்து நின்றார். ஸ்பீக்கர் உறுமிக்கொண்டு உயிர் பெற்றது.

"இது முதல் நாள்லேர்ந்தே லூஸுங்க. காலை எடுத்தா கழண்டுரும். அரங்கத்துக்காரர்கிட்ட சொன்னேன், பார்க்கலாம்னாரு. உங்க பாட்டுக்கு ஒரு தடவையாவது ஆடணும்னு எனக்கும் ஆசைதான், என்ன பண்றது."

அண்ணன் போய்த் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் விடவில்லை. அப்படியே கீழே பார்த்துக் கேட்டான்.

"அந்தக் கடைசி நாள் மட்டும் ஏன் சார் வரலை?"

தூண் குற்றவாளிபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

"மன்னிச்சிடுங்க, அன்னிக்கு எனக்குக் கல்யாணம். பாதியில எழுந்து வரப் பார்த்தேன், விடலை."