எலும்பு டாக்டர் வரைந்த ஆள்

மனித உடலின் ரகசியங்களையெல்லாம் கரைத்துக் குடித்தவர் என்று ஒருவரைச் சொல்ல முடியுமானால், அது எலும்பு டாக்டர்தான். அப்பேர்ப்பட்டவர் வரைந்த ஆளைப் பார்த்துவிட்டு ஓவிய டீச்சர், "இவர் எப்போ போய்ச் சேர்ந்தாரு?" என்று கேட்டார்.

வகுப்பில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். டாக்டர் பென்சிலை டக்கென்று கீழே வைத்தார்.

தாளில் காலர் எலும்பு, விலா, முட்டிச் சில்லு எல்லாம் அச்சடித்தாற்போல் அதனதன் இடத்தில் இருந்தன. முகம் மட்டும் வழக்கம்போல் வெறும் முட்டை. முகங்களில் அவருக்கு என்றுமே அக்கறை இருந்ததில்லை; ஆஸ்பத்திரியிலும் எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் பேசுவார், ஆளைப் பார்த்து அல்ல.

"இதுல எந்த எலும்பு தப்பு, சொல்லுங்க."

"எதுவுமே தப்பில்ல டாக்டர், அதான் கஷ்டமா இருக்கு. ஆள் எந்தக் கால்ல பாரத்தைப் போட்டு நிக்கறாருன்னு தெரியலையே. முதல்ல ஓட்டத்தைப் பிடிங்க. எலும்பை அப்புறமா மாட்டிக்கலாம்."

முதல் வகுப்பிலிருந்து டீச்சர் பாடும் பாட்டு இதுதான். தலையிலிருந்து குதிகால்வரை ஒரே வீச்சில் ஒரு கோடு. அது உடலின் ஓட்டம். எலும்பும் தசையும் அந்தக் கோட்டின்மேல் ஏறி உட்கார வேண்டும். டாக்டர் ஓட்டத்தைப் பிடித்தால் ஆள் கொடியில் காயும் சட்டையாகப் பறந்தான். எலும்பைப் பிடித்தால் கட்டையாகிக் கிடந்தான். இரண்டும் ஒரே தாளில் குடித்தனம் நடத்த மாட்டோம் என்றன.

விட்டுத் தொலைத்திருக்கலாம். வாய்தான் கெடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில், தம் கையால் வரைந்த மனித உருவம் ஒன்று மாட்டப்படும் என்று ஊழியர்களையெல்லாம் கூட்டி வைத்து அறிவித்திருந்தார். ஆணி அடித்தாயிற்று. சட்டமும் மாட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அந்தப் பக்கம் போகிற நர்சுகள் காலிச் சட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார்கள்.

வீட்டிலும் நிம்மதியில்லை. "ஏங்க, நீங்க வரையற அத்தனை பேரும் டோக்கன் வாங்கிட்டுக் காத்திருக்கற மாதிரியே இருக்காங்களே" என்று மனைவி தன்னாலான ஆறுதலைச் சொன்னாள். பேசாமல் எக்ஸ்ரே படம் ஒன்றைப் பெரிதாக்கி மாட்டிவிடலாமே என்று மச்சினன் யோசனை சொன்னான். டாக்டர் சாப்பாட்டில் பாதியிலேயே கை கழுவிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வகுப்புதான் கடைசி வாய்ப்பு. வாசலிலேயே டீச்சர் மடக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு எனக்காக ஒண்ணு பண்ணுங்க. உங்களுக்குள்ள இருக்கற டாக்டரைக் கார்லயே உட்கார வச்சுட்டு வாங்க. எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். கண்ணுல படறதை மட்டும் போடுங்க."

படத்துக்கு நிற்பதற்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவராம். "வணக்கம் டாக்டர்" என்றார் அவர். டாக்டர் அவருடைய தோள்பட்டைக்கு ஒரு பதில் வணக்கம் போட்டுவிட்டுத் தாளைப் பலகையில் மாட்டப் போனார்.

டிரில் மாஸ்டர் அரைக்கால் சட்டையோடு மேடையேறி நின்றார். நின்ற அழகில் டாக்டருக்குக் கை துறுதுறுத்தது. இடுப்பு ஒரு பக்கம் ஏறியிருந்தது, தோள் அதே பக்கம் இறங்கியிருந்தது, நடுவில் முதுகு ஆற்று வளைவுபோல் நெளிந்து போயிற்று. ஒரே வீச்சு. கோடு விழுந்துவிட்டது. சண்டித்தனம் செய்துகொண்டிருந்த எலும்புகளெல்லாம் வீடு தெரிந்த மாடுகள்போல் தாமாகவே வந்து அதில் அடைந்தன.

டீச்சர் பின்னால் வந்து நின்றார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டி, உயிர் என்றால் இதுதான், இந்த இடுப்புச் சாய்வு ஒன்றே போதும் என்றார்.

டாக்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஓட்டமும் உடற்கூறும் உண்மையில் ஒன்றே என்று, தாமே கண்டுபிடித்ததுபோல் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினார். அன்று இருமியவர் இன்று பயபக்தியோடு தலையாட்டினார்.

பேச்சு ஓய்ந்ததும் மேடையருகே போனார். பெரிய மனசோடு டிரில் மாஸ்டரின் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"பிரமாதமா நின்னீங்க. ஞாயித்துக்கிழமை திறப்பு விழாவுக்கு வந்துடுங்க. படத்துக்குப் பக்கத்துல இதே மாதிரி வளைஞ்சு நில்லுங்க, போதும். வர்றவங்க பார்த்து அசந்துடணும்."

டிரில் மாஸ்டர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு காலாக மேடையிலிருந்து இறங்கினார்.

"நான் நேராத்தான் நின்னேன் டாக்டர். இந்த இடுப்பு, நீங்க ஆபரேஷன் பண்ணினது."